நாற்பத்துநான்காவது வரன்

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது லீலாவதி ஒரு சோன் பப்டி டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஆசையாகத் திறந்தேன். உள்ளே சோன் பப்டி இல்லை. எங்கள் மகள் கனிமொழிக்கு வந்த வரன்களின் பயோடேட்டாக்கள். மூன்று வருடச் சேமிப்பு.

"நாப்பத்தி மூணு இருக்கு. நானே எண்ணிட்டேன். ஜனவரி முப்பத்தொண்ணு உங்களுக்கு ரிட்டயர்மெண்டு. அதுக்குள்ள ஒண்ணை முடிவு பண்ணுங்க. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு நடுரோட்டுல நின்னுக்கிட்டா நிச்சயதார்த்தம் வைப்பிய?"

ஓய்வு பெற்ற பிறகும் சில மாதங்கள் டெல்லி மோதி பாக் அரசு வீட்டில் இருக்க அனுமதி உண்டு என்று விதியை எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்துக்குள் அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

முப்பத்தாறு வருடமாக அமைச்சகத்தில் கோப்பு பார்க்கிறேன். பிரிவு அலுவலர். நாற்பத்துமூன்று தாள் எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆனாலும் டப்பாவைத் திறந்து மூடி, மறுபடி திறந்து மூடினேன். ஒரு பையனை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? சரி என்று சொல்லத்தான் என்ன தகுதி?

13 ஆகஸ்ட், செவ்வாய்

ஆபீசில் சனிக்கிழமைதோறும் கணினிப் பயிற்சி நடக்கிறது. பைத்தான் என்கிற நிரல்மொழி. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் போயாக வேண்டும். எங்கள் பிரிவில் ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு மாமியார், ஒருவர் அன்றைக்கென்று லீவு. ஐந்து மாதத்தில் வீட்டுக்குப் போகிறவனைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள்.

அதிசயம் என்னவென்றால், எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. சொன்னதைச் செய்கிறது. எதிர்க் கேள்வி கேட்பதில்லை. இப்படி ஒரு கிளார்க் எனக்கு வாய்த்ததே இல்லை.

போன வாரம் டிக்‌ஷனரி பாடம். ஒரு கீ, அதற்கு ஒரு மதிப்பு. கீயைச் சொன்னால் மதிப்பை எடுத்துக் கொடுக்கும். கோப்பு எண்ணைச் சொன்னால் ரெக்கார்டு ரூமிலிருந்து கோப்பு வருகிற மாதிரி. பயிற்சி கொடுக்கிற சுஷ்மா மேடம், "உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு பிராஜெக்ட் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

எடுத்துக்கொண்டேன். தலைப்பு: மாப்பிள்ளை.

கீ என்ன வைப்பது என்று யோசிக்கவே வேண்டாம். டெல்லியில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி எதுவோ அதுதான் கீ. எந்த ஊர்? ஆகவே, சொந்த மாவட்டம். லீலாவதியிடம் கேட்டேன்.

"திருநெல்வேலின்னா முதல்ல பாருங்க. தூத்துக்குடி பரவாயில்ல. மதுரைன்னா விசாரிக்கணும்."

"சென்னை?"

"சென்னையில யாருக்குங்க சொந்த ஊரு இருக்கு? அவங்க அப்பா எந்த ஊருன்னு கேளுங்க."

18 ஆகஸ்ட், ஞாயிறு

இன்றைக்கு ஓர் ஆச்சரியம். அந்த டப்பாவை மூன்று வருடமாகத் திரும்பிக்கூடப் பார்க்காத கனிமொழி, தானே வந்து, "அப்பா, நீங்க ஒரு விரல்ல டைப் பண்ணி எப்போ முடிப்பீங்க? குடுங்க, நான் எக்செல்ல ஏத்தித் தரேன்" என்றாள்.

காலை பத்துக்கு உட்கார்ந்தாள். மத்தியானம் இரண்டுக்கு முடித்துவிட்டாள். பிசியோதெரபிஸ்ட் விரல் என்றால் சும்மாவா. பெயர், வயது, வேலை, மாவட்டம், தொடர்பு எண், எல்லாம் வரிசையாக. மொத்தம் நாற்பத்துநான்கு வரி.

"நாற்பத்துமூன்று என்றுதானே உன் அம்மா சொன்னாள்?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். லீலாவதி எண்ணியதில் ஒன்று விட்டிருக்கும். அவளிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எதற்கு வம்பு.

கனிமொழி இன்று முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு மனசு இறங்கிவிட்டது போல.

24 ஆகஸ்ட், சனி

ஓடிவிட்டது! என் நிரல் ஓடிவிட்டது!

முப்பத்தைந்து வயதுக்கு மேல் வேண்டாம், நிரந்தர வேலை வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டேன். பிறகு ஒவ்வொரு வரியாகப் படித்து, மாவட்டத்தைக் கீயாக வைத்து டிக்‌ஷனரியில் போடு என்றேன். கடைசியில் அச்சிடு என்றேன். நாற்பத்துநான்கு போய்ப் பதினான்கு வந்தது. பதினான்கே பதினான்கு! மூன்று வருட வேலை மூன்று நொடியில்.

கனிமொழியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவ்ளோதானாப்பா?"

"அவ்வளவுதான். மற்றதெல்லாம் கழிந்துவிட்டது."

"திருநெல்வேலில ஒருத்தர்தானா?"

"ஒருவர்தான். அருள்ராஜ். பேங்க் ஆபீசர், இங்கேயே டெல்லி துவாரகாவில் வீடு."

அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாத்தையும் நீங்களே பாத்தீங்களா? பக்கா?"

"ஒன்று விடாமல்" என்றேன்.

"டீக் ஹை" என்று எழுந்து போய்விட்டாள். அடை சாப்பிட வரவில்லை.

25 ஆகஸ்ட், ஞாயிறு

கனிமொழிக்குத் தலைவலி. பாட்டு இல்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

துவாரகா போய் வந்தோம். அருள்ராஜ் நல்ல பையன்தான். குடிப்பதில்லை, புகைப்பதில்லை. பேசுவதுதான். ஒன்றரை மணி நேரம் பேசினான். முழுக்க அவர்கள் அடுக்குமாடி சொசைட்டியில் கார் நிறுத்துகிற இடம் பற்றி. பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை அங்குலம் உள்ளே வந்திருக்கிறார் என்பதற்கு மொபைலில் படமே வைத்திருக்கிறான். நான்கு கோணத்தில். லீலாவதி நாலாவது படத்தின்போது என் காலை மிதித்தாள்.

வரும்போது டாக்சியில் கனிமொழியிடம், "என்ன நினைக்கிறாய்?" என்றேன்.

"உங்க இஷ்டம்ப்பா."

இது எனக்குச் சரியாகப் படவில்லை. பல்துலக்குகிற பிரஷ் என்ன நிறம் என்பதற்கு என்னோடு ஒரு வாரம் சண்டை போட்ட பெண். பிளஸ் டூவில் நான் காமர்ஸ் என்றதற்கு வீட்டில் உண்ணாவிரதம் இருந்தவள். அவள் வாயில் "உங்க இஷ்டம்" வந்து நான் கேட்டதில்லை. சந்தோஷப்படத்தானே வேண்டும்? ஏன் படவில்லை?

12 செப்டம்பர், வியாழன்

அருள்ராஜின் அப்பா போன் செய்தார். அவர்களுக்குச் சம்மதம். அக்டோபர் இருபதில் நிச்சயதார்த்தம் வைக்கலாமா என்று கேட்கிறார். வருகிற ஞாயிறு கழித்துச் சொல்கிறேன் என்றேன்.

கனிமொழியிடம் சொன்னேன். "சரிப்பா" என்றாள். சப்பாத்தி மாவைப் பிசைந்தபடி சொன்னாள். நிமிரவில்லை.

14 செப்டம்பர், சனி

காலை நடையில் இஸ்மாயில் வந்தார். எங்கள் அமைச்சகத்தின் கணினிப் பிரிவில் இருந்து இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் மேலப்பாளையம். இருபது வருடம் ஆபீஸ்காரர்களுக்கென்று ஓடுகிற ஒரே சார்ட்டர்டு பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் ஆபீஸ் போனோம். என் நிரலின் பெருமையை அவரிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? பார்க் பெஞ்சில் உட்கார்ந்து மொபைலில் அந்தப் பதினான்கு பெயரையும் காட்டினேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி பார்த்தார்.

"என்ன ஓய், ஜில்லாவுக்கு ஒருத்தன் ஒருத்தனா வந்திருக்கான்? மாப்பிள்ளை பாக்கீரா, எலக்‌ஷன் நடத்துதீரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

"திருநெல்வேலிக்கும் ஒருத்தன்தானா? நம்ம பஸ்ஸுலயே பதினஞ்சு திருநெல்வேலிக்காரன் இருந்தானே ஓய்! உம்ம டப்பாவுல ஒருத்தன்தான் வந்தானாக்கும்?"

மொபைலிலேயே இருந்த நிரலையும் வாங்கிப் பார்த்தார். ஒரே ஒரு வரியில் விரலை வைத்தார். "ஒரு கீக்கு ஒரு மதிப்புதான் வே நிக்கும். முதல் திருநெல்வேலிக்காரனைப் போட்டீரு. சரி. ரெண்டாவது திருநெல்வேலிக்காரன் வந்தான். அவனை எங்க வச்சீரு? முதல் ஆளை எழுப்பிவிட்டுட்டு அதே நாற்காலியில உக்கார வச்சீரு. மூணாவது ஆளு வந்ததும் இவனையும் எழுப்பிவிட்டீரு. கடைசியா வந்தவன் உக்காந்திருக்கான். உம்ம அருள்ராஜு ஜெயிக்கல ஓய். லேட்டா வந்தான், அவ்வளவுதான்."

முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்தவன் நான். ஒரு கோப்பு எண்ணில் புதுக் கடிதம் வந்தால் பழையதன் மேல் வைத்து நாடாவைக் கோத்து முடிச்சுப் போடுவோம். கோப்பு தடிமனாகும். புதுத் தபால் வந்ததென்று பழைய தபாலைக் கிழித்துக் குப்பையில் போடுகிற கிளார்க்கை ஒரே நாளில் சஸ்பெண்ட் செய்திருப்பேன். நானே அந்த கிளார்க்.

"ஜில்லாவுக்கு ஒரு லிஸ்ட் வையும். வந்தவனை அந்த லிஸ்ட்டுல சேத்துக்கிட்டே போம்" என்றார் இஸ்மாயில். அப்புறம் சமோசா வாங்கித் தந்தார். அவ்வளவு பரிதாபமாக இருந்திருக்கிறேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

திருத்திவிட்டேன் என்று நினைத்தேன். பதினான்கு மாவட்டத்துக்கும் ஆரம்பத்திலேயே ஒரு வெற்று லிஸ்டைக் கொடுத்துவிட்டு, வருகிறவர்களை அவரவர் மாவட்டத்தில் சேர்க்கச் சொன்னேன். அச்சிடு என்று பிரிண்டருக்கும் அனுப்பிவிட்டுப் பால் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால் பிரிண்டர் நிற்கவில்லை. லீலாவதி தரையிலிருந்து தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது? திருநெல்வேலியிலயும் அருள்ராஜு இருக்கான், தர்மபுரியிலயும் இருக்கான், நீலகிரியிலயும் இருக்கான்! ஒருத்தனுக்கு எத்தனை ஊருங்க?"

மாவட்டத்துக்கு நாற்பத்தொரு பேர். பதினான்கு மாவட்டம். ஐந்நூற்று எழுபத்துநான்கு மாப்பிள்ளைகள். எல்லோரும் எல்லா ஊர்க்காரர்கள். கனிமொழி அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, பல நாளுக்குப் பிறகு லேசாகச் சிரித்தாள். உடனே உள்ளே போய்விட்டாள்.

இஸ்மாயிலுக்குப் போன் செய்தேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். "பதினாலு லிஸ்ட் குடுத்தேன்னு நினைச்சிட்டீரு. குடுத்தது ஒரே லிஸ்ட்டு ஓய். ஒரே ரிஜிஸ்டருக்குப் பதினாலு சீட்டு ஒட்டி வச்சிருக்கீரு. எந்தச் சீட்டைப் பிடிச்சு இழுத்தாலும் அதே ரிஜிஸ்டர்தான் வரும். ஒவ்வொரு ஜில்லாவும் முதல்முதலா வரும்போது, அதுக்குன்னு தனியாப் புதுசு ஒண்ணு திறக்கணும்."

ஆனால் ஒன்று உறைத்தது. மாவட்டத்துக்கு நாற்பத்தொன்று என்றால் என் நிபந்தனைகள் கழித்தது மூன்றே பேரைத்தான். மீதி இருபத்தேழு பேரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கணினியும் சொல்லவில்லை. சும்மா காணாமல் போயிருக்கிறார்கள்.

அருள்ராஜ் வீட்டுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

17 செப்டம்பர், செவ்வாய்

ஆபீசிலிருந்து வந்ததும் உட்கார்ந்தேன். இந்த மாவட்டம் புதிதா? ஆமென்றால் அதற்கென்று ஒரு புது லிஸ்டைத் திற. இல்லையென்றால் இருக்கிற லிஸ்டில் சேர். இரண்டே வரி. ஓடியது. இந்த முறை சரியாக ஓடியது.

திருநெல்வேலியில் பதினோரு பேர். கடைசியில் அருள்ராஜ். நான்காவது:

இளஞ்செழியன். வயது 30. மெட்ரோ ரயில் ஓட்டுநர். அம்பாசமுத்திரம்.

இப்படி ஒரு பயோடேட்டாவைப் பார்த்த நினைவே இல்லை. டப்பாவைக் கொட்டி ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். இல்லை. எண்ணினேன். நாற்பத்துமூன்று. மறுபடி எண்ணினேன். நாற்பத்துமூன்று. எக்செல்லில் நாற்பத்துநான்கு.

தொடர்பு எண்ணைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த எண். மொபைலில் ஒற்றியதும் பெயர் வந்தது: கவிப்ரியா கிளினிக். கனிமொழியோடு வேலை செய்கிற பெண். என் முழங்காலுக்கு நேரம் கேட்டு நானே பத்துத் தடவை கூப்பிட்ட எண். எங்கள் வீட்டு அடைக்கு அடிமை.

ஐயோ.

கனிமொழிதான் எழுதி வச்சிருக்கா. என் பொண்ணுதான். வாயைத் திறந்து கேக்க முடியாம, கூட்டத்தோட கூட்டமா ஒரு வரியைச் சேத்து என் கையில குடுத்திருக்கா. அப்பாவே பாத்து, அப்பாவே பிடிச்சு, அப்பாவே சொல்லட்டும்னு. நான் என்ன செஞ்சேன்? திரையைக் காட்டி மத்ததெல்லாம் கழிஞ்சு போச்சுன்னேன். எல்லாத்தையும் நீங்களே பாத்தீங்களான்னு கேட்டாளே. எத்தனை தடவை கேட்டிருந்தாலும் அத்தனை தடவையும் ஒண்ணு விடாமன்னுதானே சொல்லியிருப்பேன்—

நான் எதையுமே பாக்கல. ஒரு தாளைக்கூட.

18 செப்டம்பர், புதன்

ஆபீசில் வேலை ஓடவில்லை. பழக்க தோஷத்தில் ஒரு குறிப்பு எழுதினேன்:

"மேற்படி வரன் இப்பிரிவில் 18.08.2024 அன்று பெறப்பட்டது. பிரிவு அலுவலர் அதைப் பார்வையிடவில்லை. ஆயினும் பார்வையிட்டதாக வாய்மொழியாகச் சான்றளித்தார். இதனால் சம்பந்தப்பட்டவர், தன் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதாகக் கருத நேர்ந்தது. தக்க உத்தரவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது."

யாருக்குச் சமர்ப்பிப்பது? மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மெட்ரோவில் நின்றுகொண்டே வரும்போது இன்னொன்றும் யோசித்தேன். எல்லாப் பழியையும் நிரலின் மேல் போடுவது சுலபம். பார்த்திருந்தால்? உண்மையாகவே ஒவ்வொரு தாளாகப் பார்த்திருந்தால், "மெட்ரோ ரயில் ஓட்டுநர்" என்ற இடத்தில் என்ன சொல்லியிருப்பேன்? "டிரைவரா?" என்று கேட்டிருப்பேன். அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் என்னை நம்பி வைத்திருக்கிறாள்.

நான் நின்றுகொண்டிருந்த ரயிலையும் யாரோ ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். முப்பத்தாறு வருட சர்வீசில் ஒரு கோப்பைக்கூட நான் இவ்வளவு நேரத்துக்குச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.

21 செப்டம்பர், சனி

லீலாவதியிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கனிமொழியின் காதலுக்கு என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டே சொன்னேன்.

"நான் நாப்பத்தி மூணுன்னுதானே சொன்னேன்?" என்றாள்.

"ஆமாம்."

"நான் எண்ணினது தப்புன்னு நினைச்சிட்டிய."

தலையை ஆட்டினேன்.

"முப்பது வருசம் இந்த வீட்டுல நான் ஒரு தேங்காயைக்கூடத் தப்பா எண்ணினதில்ல. ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருந்தா, அந்த நாப்பத்தி நாலாவது ஆளு யாருன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்லா? மிஷினைக் கேட்டிய. என்னைக் கேக்கல."

சமையலறைக்குப் போய் ஒரு தேங்காயை முழுக்கத் துருவினாள். அப்புறம் வந்து, "அம்பாசமுத்திரத்துல எந்தத் தெரு?" என்றாள்.

22 செப்டம்பர், ஞாயிறு

கனிமொழியின் அறைக்குப் போனேன். பையிலிருந்த குறிப்பை நீட்டினேன். படித்தாள். "பார்வையிடவில்லை" என்ற இடத்தில் நின்றாள்.

"நீங்க பாக்கவே இல்லையா?"

"இல்லைம்மா. பொய் சொன்னேன். நிரல் கழித்தது என்று நினைத்தேன். அது கழிக்கவும் இல்லை. ஒருவர் மேல் ஒருவரை எழுதிவிட்டது. பார்த்திருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேனோ, அது வேறு விஷயம். அதற்கும் சேர்த்துத்தான் வந்திருக்கிறேன்."

சிரித்தாள். அப்புறம் அழுதாள். "ஒரு மாசமாப்பா. ஒரு மாசமா உங்களைப் பாக்கும்போதெல்லாம் நினைச்சேன். ஒரு கேள்வி கூடக் கேக்காம தூக்கிப் போட்டுட்டாரே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேன்னு."

இடுப்பு வலியோடு கிளினிக்குக்கு வந்தவனாம். நாள் முழுக்க உட்கார்ந்து ரயில் ஓட்டினால் வராமல் என்ன செய்யும். வலி ஆறு வாரத்தில் போய்விட்டது. அவன் எட்டு மாதம் வந்திருக்கிறான்.

"சரி, இப்போதே அவனுக்குப் போன் செய்" என்றேன்.

அவள் முகம் மாறியது. "அன்னைக்கே சொல்லிட்டேன்ப்பா. அப்பா பாத்தார், வேண்டாம்னுட்டார், இனிமே பேச வேண்டாம்னு. அவர் ஒண்ணும் கேக்கல. சரின்னுட்டார். இப்போ எந்த மூஞ்சியோட நான் கூப்பிடுவேன்?"

அவள் கூப்பிட வேண்டாம். தப்பு செய்த ஆள் யாரோ அவன் போகட்டும்.

23 செப்டம்பர், திங்கள்

அருள்ராஜின் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இருபது நிமிடம் திட்டினார். நியாயம்தான். நடுவில் ஓர் இடத்தில் கார் நிறுத்துவது பற்றியும் வந்தது. எப்படி வந்ததென்று தெரியவில்லை.

கவிப்ரியாவிடம் விசாரித்தேன். இளஞ்செழியன் இப்போது அவள் போனையும் எடுப்பதில்லையாம். ஆனால் இந்த வாரம் காலை ஷிப்ட், மஞ்சள் லைன், ஒன்பது இருபது வாக்கில், நான் ஆபீசுக்கு ரயில் ஏறுகிற ஐ.என்.ஏ. ஸ்டேஷனைத் தாண்டுவான் என்றாள். கண்ணாடி போட்டிருப்பான். "அங்கிள், ரயில் முப்பது செகண்டுதான் நிக்கும்" என்றாள்.

24 செப்டம்பர், செவ்வாய்

பிளாட்பாரத்தின் முனையில், ரயிலின் முதல் பெட்டி வந்து நிற்கிற இடத்தில் நின்றேன். முதல் ரயிலை ஒரு பெண் ஓட்டி வந்தாள். இரண்டாவதில் மீசை. மூன்றாவதில் கண்ணாடி. நின்றதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பயணிகள் ஏறி இறங்குவதைப் பின்பக்கமாகப் பார்த்தான்.

நேற்று முழுக்க மனப்பாடம் செய்த நாலு வாக்கியமும் மறந்துபோனது. ஓடிப்போய் ஜன்னலருகே நின்று தமிழில் கத்தினேன்.

"தம்பி! நான் கனிமொழியோட அப்பா! உன்னை வேண்டாம்னு யாரும் சொல்லல! நான் பாக்கவே இல்ல! உன்மேல இன்னொருத்தனை எழுதிட்டேன்! தப்பு என்னோடது!"

பின்னால் ஒரு அம்மா, "க்யா ஹுவா, க்யா ஹுவா?" என்று என்ன ஆச்சென்று விசாரித்தார். அவன் என்னை மேலிருந்து கீழே பார்த்தான். முகம் அசையவில்லை.

"சார்" என்றான். "மஞ்சக் கோட்டுக்குப் பின்னால நில்லுங்க."

கீழே பார்த்தேன். இரண்டு காலும் கோட்டைத் தாண்டி இருந்தன. பின்னால் வந்தேன். கதவு மூடியது. ரயில் போய்விட்டது. ஏற வேண்டிய ரயில்தான். ஆபீசுக்கு லேட்.

25 செப்டம்பர், புதன்

இளஞ்செழியனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கனிமொழியிடம் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. போன் மணி அடித்தால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறோம்.

26 செப்டம்பர், வியாழன்

சாயந்திரம் கனிமொழி கிளினிக்கிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே கேட்டாள். "அப்பா, 'உன்மேல இன்னொருத்தனை எழுதிட்டேன்'னா என்னன்னு அவர் ரெண்டு நாளா யோசிக்கிறாராம். மாந்திரீகமான்னு கேக்கிறார்."

"போன் பண்ணானா?"

"கிளினிக்குக்கே வந்துட்டார்."

"இடுப்பு வலியா?"

செருப்பைக் கழற்றினாள். உள்ளே போனாள். அரைமணி கழித்து அந்தப் பாட்டு கேட்டது.

6 அக்டோபர், ஞாயிறு

வந்தான். ஷூவை வாசலில் நேராக, ஒன்றையொன்று ஒட்டி வைத்தான். லீலாவதி அதைக் கவனித்தாள். அவளிடம் பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

மடிக்கணினியைத் திறந்து அந்தப் பழைய நிரலையும் புதிய நிரலையும் அவனிடம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தான். "இது எங்க தொழில்லயும் உண்டு சார். ஒரு தண்டவாளத் துண்டுல ஒரு ரயிலுக்குத்தான் இடம். ஆனா அங்க முன்னால நிக்கிற வண்டியைத் தூக்க மாட்டோம். பின்னால வர்ற வண்டியை நிறுத்தி வைப்போம்."

இவ்வளவு தெளிவாக சுஷ்மா மேடம்கூடச் சொல்லவில்லை.

லீலாவதி அவியல் வைத்திருந்தாள். ஏன் தேங்காய்ப்பால் சொதி இல்லை என்று கேட்டேன். "சொதி கல்யாணத்துக்கு மறுநாளு மாப்பிள்ளைக்குப் போடுறது. இன்னைக்கே போட்டா அன்னைக்கு என்னத்தப் போடுவேன்?" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இளஞ்செழியன் அவியலை இரண்டாம் முறை வாங்கினான்.

30 நவம்பர், சனி

பயிற்சியின் கடைசி நாள். எல்லோரும் பிராஜெக்டை மேடையில் விளக்கினார்கள். ஒருவர் லீவுக் கணக்கு, ஒருவர் மின்விசிறிப் பட்டியல். நான் மாப்பிள்ளை நிரலை விளக்கினேன். சுஷ்மா மேடம், "இறுதி முடிவு எப்படி வந்தது?" என்று கேட்டார்.

"நிரலால் வரவில்லை மேடம். எண்ணிக்கை தெரிந்த மனைவியால் வந்தது" என்றேன். சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

அழைப்பிதழ் அனுப்ப நிரல் எழுதினேன். தை கடைசியில் கல்யாணம். வீடு கீ. அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் அதற்கான லிஸ்டில். அழைப்பில் எல்லோர் பெயரும் வர வேண்டும், குடும்பத் தலைவர் பெயர் மட்டும் போதாது என்று கனிமொழியின் உத்தரவு. இஸ்மாயில் வீட்டு லிஸ்டில் ஏழு பேர். இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. ஓடியது. அச்சிட்டேன்.

பிறகு தரையில் பரப்பி, ஒவ்வொரு தாளாக, ஒவ்வொரு பெயராகப் படித்தேன். மூன்று மணி நேரம். லீலாவதி எதிரில் உட்கார்ந்து எண்ணினாள். நான் இருநூற்றுப் பதினொன்று என்றேன். அவள் பன்னிரண்டு என்றாள்.

மறுபடி எண்ணவில்லை. பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டேன்.

31 ஜனவரி, வெள்ளி

கடைசி நாள். காலையில் கிளம்பும்போது கனிமொழி, என் கழுத்தில் மப்ளர் சுற்றிவிட்டாள். சாயந்திரம் ஆபீசில் மாலை போடுவார்கள், சமோசா கொடுப்பார்கள், நான் பேச வேண்டும். எதுவும் தயார் செய்யவில்லை.

ஐ.என்.ஏ.யில் வழக்கம்போல பிளாட்பாரத்தின் முனைக்குப் போனேன். குளிரில் கூட்டம் குறைவு. இந்த வாரமும் அவனுக்குக் காலை ஷிப்ட். ஒன்பது இருபதுக்குச் சரியாக ரயில் வந்து நின்றது. ஜன்னல் திறந்தது. கண்ணாடி.

இனி இந்த நேரத்துக்கு இங்கே வரப்போவதில்லை என்று தோன்றி, இரண்டடி முன்னால் போய்விட்டேன்.

"மாமா" என்றான். "கோட்டுக்குப் பின்னால."

பின்னால் வந்தேன். பிறகு கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் முதல் பெட்டியில் ஏறிக்கொண்டேன்.